பட்டணத்தின் தண்ணீர்க் கணக்கு

2019-ஆம் வருஷம் ஜூலை மாதம் 12-ஆம் தேதியன்று ஜோலார்பேட்டையிலிருந்து புறப்பட்ட ரயில் ஒன்று, ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு சென்னை வில்லிவாக்கத்தை வந்தடைந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வெடித்த களிமண் தரையாகக் கிடந்த அந்தக் கோடையில், ஹோட்டல்கள் நேரத்தைக் குறைத்துக்கொண்டும், கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லியும், தெருத்தெருவாக வண்ண வண்ணப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை பிடித்தும் இருந்த சமயத்தில், காவிரி ஜலத்தை ரயிலேற்றிக் கொண்டுவந்த அந்த ஏற்பாட்டை ஜனங்கள் ஆறுதலோடு வரவேற்றது இயற்கையே.

ஆயினும் அந்த ரயில் கொண்டுவந்த தண்ணீரின் அளவைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பட்டணத்தில் மனையை அளக்கும் கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அந்த ஒரு கிரவுண்டில் மட்டும் ஒரு வருஷத்தில் வந்து விழும் மழைநீர் 3 லட்சத்துப் பன்னிரண்டாயிரம் லிட்டருக்குக் குறையாது. ஆக, இரும்புப் பாதையில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் இழுத்துவரப்பட்ட அவ்வளவு தண்ணீரும், நம்முடைய சொந்த ஊரில் எட்டே எட்டு கிரவுண்டு மனையின் மீது வானம் விலையில்லாமல் வருஷந்தோறும் கொடுத்து வருகின்ற தண்ணீருக்குச் சமானம் என்று ஆகிறது.

நகரங்களின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம், அடுத்து எந்த நதியைக் கொண்டுவரலாம், எந்தச் சமுத்திரத்தைக் குடிநீராக்கலாம் என்ற யோசனைதான் முதலில் எழுகிறதேயொழிய, கையிலுள்ளது எவ்வளவு, வருவது எவ்வளவு, போவது எவ்வளவு, போனதில் திரும்பப் பெறக்கூடியது எவ்வளவு என்ற கணக்கை யாரும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவதில்லை. நகர ஜல பரிபாலனத்துக்கு அணைகளையும் குழாய்களையும் விட முதன்மையாக வேண்டியது இந்தக் கணக்குதான் என்பதும், சென்னையின் இக்கட்டுக்கு வானத்தின் உலோபத்தைவிடக் கணக்கின்மையே பெரிய காரணம் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

வரவு

முதலில் வரவைப் பார்ப்போம். லண்டன் மாநகரத்தில் வருஷம் முழுவதும் பெய்யும் மழை சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை. ஆனால் அங்கே அது பன்னிரண்டு மாதங்களிலும் தூறலாகப் பரவிப் பெய்கிறது; இங்கேயோ, ஐப்பசி, கார்த்திகை என்ற அடைமழை மாதங்களை நடுவில் கொண்ட அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்தில் ஏறக்குறைய அறுபது சதவீதம் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்த மூன்று மாதங்களிலும்கூட, வங்கக் கடலில் உருவாகும் நாலைந்து புயற்சின்னங்களைப் பொறுத்தே எல்லாம் அமைகின்றன. அவை கரையை நோக்கி வந்தால் வெள்ளம், விலகிப் போனால் வறட்சி. வருஷத்துச் சம்பளத்தை ஒரே மாதத்தில் கையில் வாங்கிக்கொள்கிற குடும்பஸ்தன் மற்றப் பதினொரு மாதங்களுக்கும் எப்படிச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டுமோ அப்படியே, இத்தகைய மழையை நம்பி வாழும் ஊருக்குச் சேமிப்பைத் தவிர வேறு பிழைப்பு இல்லை.

பெருநகர மாநகராட்சியின் விஸ்தீரணம் இன்று 426 சதுர கிலோமீட்டர். அதன்மீது 1,400 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறக்குறைய 21 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. லிட்டரில் சொன்னால் 2,830 கோடி. சென்னைக்கு மாதத்துக்குச் சுமார் ஒரு டி.எம்.சி. வேண்டும் என்பது நீர்த்துறையினர் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அப்படியானால் வருஷத் தேவை பன்னிரண்டு. ஊரின் தலைமீதே விழுவது இருபத்தொன்று. வெயில் குடிப்பதும், தார்ச் சாலைகளின் மீது விழுந்து சாக்கடையில் கலப்பதும், பெருமழை நாட்களில் எவராலும் பிடிக்க முடியாதபடி கடலுக்கு ஓடுவதும் போக எஞ்சுவது இதில் ஒரு பங்குதான் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அந்த ஒரு பங்கையாவது முறையாகப் பிடித்தோமா என்ற கேள்விக்குச் சரித்திரம் மகிழ்ச்சியான பதிலைத் தருவதில்லை.

கிணற்றிலிருந்து கிருஷ்ணா வரை

சென்னைப் பட்டணத்துக்கு ஆதியிலிருந்தே ஜீவநதி வாய்க்கவில்லை. கூவமும் அடையாறும் கொசஸ்தலையாறும் மழைக்காலத்தில் பெருகிக் கோடையில் மெலிந்துவிடுபவை. ஆகையால் ஊரார் கிணறுகளையும் குளங்களையும் கொண்டே காலம் தள்ளினார்கள். கோட்டையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியாரும் 1772-ஆம் வருஷத்தில் கோட்டைக்கு வடக்கே கிணறுகள் எடுத்து, அந்த ஜலத்தைக் குழாய் வழியாகக் கோட்டைக்குள் கொண்டுபோனார்கள். ஏழுகிணறு என்று இன்றும் வழங்கும் பகுதி அந்த ஏற்பாட்டின் நினைவாக நிற்கிறது. பிறகு 1866-இல் வில்லியம் பிரேசர் என்ற எஞ்சினீயர் வகுத்த திட்டத்தின்படி, தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலையாற்றின் நீரைத் திருப்பிச் சோழவரம், செங்குன்றம் (புழல்) ஏரிகளில் தேக்கினார்கள். 1872-இல் அது திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. வடிகட்டப்படாத அந்த நீரை மணற்படுகைகளின் வழியே செலுத்திச் சுத்தம் செய்யும் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914-இல் அமைந்தது. அதை நிர்மாணித்த மேட்லி என்பவரின் பெயரைத் தியாகராய நகரத்துச் சாலை ஒன்று இன்றும் தாங்கியிருக்கிறது.

ஜனத்தொகை பெருகவே இதுவும் போதாமற் போயிற்று. 1939-இல் மேயராக அமர்ந்த எஸ். சத்தியமூர்த்தி, யுத்தகால நெருக்கடியையும் பொருட்படுத்தாமல் பூண்டியில் கொசஸ்தலையாற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் கட்டுவதற்கு அரும்பாடுபட்டார். 1943-இல் அவர் காலமானார். 1944-இல் நீர்த்தேக்கம் பூர்த்தியாயிற்று. அது அவர் பெயராலேயே சத்தியமூர்த்தி சாகர் என்று வழங்குகிறது. பூண்டியில் 3,231, சோழவரத்தில் 1,081, புழலில் 3,300, செம்பரம்பாக்கத்தில் 3,645 என்று நான்கு ஏரிகளும் சேர்ந்து 11,257 மில்லியன் கன அடி கொள்ளும். அதாவது, நான்கும் நிரம்பியிருந்தால் ஏறக்குறைய பதினொரு மாதத் தேவை. அதிலும் வெயிலுக்குப் போவதைக் கழிக்க வேண்டும். 2020-இல் கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகையில் திறக்கப்பட்ட புதிய நீர்த்தேக்கம் இத்துடன் 500 மில்லியன் கன அடியைச் சேர்த்திருக்கிறது.

அதன் பிறகு பட்டணத்தின் பார்வை தூர தேசங்களுக்குச் சென்றது. கிருஷ்ணா நதிநீரில் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று ராஜ்யங்களும் தலைக்கு 5 டி.எம்.சி. விட்டுக்கொடுப்பதென்று 1976-இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது; 1983-இல் ஆந்திரத்தோடு ஒப்பந்தமாயிற்று; வழியில் ஆவியாவதும் கசிவதும் போகத் தமிழ்நாட்டு எல்லையில் 12 டி.எம்.சி. கிடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஸ்ரீசைலத்தில் புறப்பட்டு, சோமசீலா, கண்டலேறு என்ற நீர்த்தேக்கங்களைக் கடந்து, கால்வாய் வழியாகப் பூண்டிக்கு அந்த நீர் வந்து சேர்ந்தது 1996-இல்தான். அன்று முதல் அது பட்டணத்துக்குப் பெரிய உபகாரம் செய்து வருகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பன்னிரண்டும் முழுமையாக வந்த வருஷத்தைக் காண்பது அரிதாகவே இருந்து வருகிறது. நதியின் மேற்பகுதியில் மழை பொய்த்தால் அங்குள்ள உழவனின் தேவை முன்னே நிற்கும். அதைக் குற்றமென்று சொல்லவும் முடியாது. 2004 முதல் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு வருகிற தண்ணீரும் இத்தகையதே. வீராணத்துக்கு நீர் வடவாற்றிலிருந்து, வடவாற்றுக்குக் கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து, கீழணைக்கு மேட்டூரிலிருந்து. மேட்டூரில் அணை திறக்கத் தாமதமானால் அடையாற்றங்கரைக் குழாயில் காற்று வருகிறது.

இவ்விதமாக, ஒவ்வொரு தலைமுறையும் முந்திய தலைமுறையைவிடத் தூரத்தில் தண்ணீர் தேடியது. அதைவிட வருந்தத்தக்கது, தூரத்து நீர் வந்துசேரச் சேர அருகிலிருந்த நீர்நிலையைப் பற்றிய நினைவே ஜனங்களின் மனத்தைவிட்டு அகன்றது என்பதாகும்.

இருப்பு

பட்டணம் அமைந்திருக்கும் பிரதேசம் பழைய செங்கல்பட்டு ஜில்லா. ஏரிகளின் ஜில்லா என்று பெயர் பெற்றது. அந்த ஏரிகள் தனித்தனிக் குட்டைகள் அல்ல. மேற்கே உயர்ந்து கிழக்கே கடலை நோக்கித் தாழும் சரிவில், ஒன்றன்கீழ் ஒன்றாகக் கரைகளை எடுத்து, மேலேரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழியும் நீர் வரத்துக்கால் பிடித்துக் கீழேரிக்கு வந்து சேரும்படி நம் முன்னோர் அமைத்த சங்கிலி அது. இந்த அமைப்பில் ஏரி என்பது கரையும் நீரும் மாத்திரமல்ல. அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலும், மிகுந்ததை வெளியேற்றும் கலங்கலும், அளந்துவிடும் மதகும் சேர்ந்ததே ஏரி. ஆகவே ஓர் ஏரியின் பரப்பில் ஒரு முழங்கூட ஆக்கிரமிக்காமல், அதன் வரத்துக்காலை மட்டும் மனையாக்கி விற்றுவிட்டாலே அந்த ஏரி செத்துப்போகும். புறநகர்களின் பல ஏரிகள் அப்படித்தான் செத்தன.

இன்று ஜனங்கள் நெருக்கியடித்துத் துணியும் நகையும் வாங்குகின்ற தியாகராய நகரம், 1920-களில் மாம்பலத்து நீண்ட ஏரியை வடித்து உண்டாக்கிய பேட்டை. அதற்கு மேற்கே லேக் வியூ ரோடு என்ற தெருவும் இருக்கிறது, பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. கீழே இருந்த வயல்கள் மனைகளான பிறகு மேலே ஏரி எதற்கு என்று அக்காலத்தார் நினைத்தார்கள். பாசனத்துக்கு மட்டுமல்லாமல், சுற்று வட்டாரத்துக் கிணறுகளுக்கெல்லாம் அந்த ஏரியே அடியில் ஊறிக்கொண்டிருந்தது என்பதும், பெருமழை நாளில் வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளும் மடியும் அதுவே என்பதும் பின்னால்தான் தெரியவந்தன. தெற்கே பரந்து கிடந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் குப்பைக்கும் கட்டிடங்களுக்கும் இரையாகிச் சுருங்கிய பின்னரே, 2022-இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அங்கீகாரம் பெற்றது.

இந்த மறதிக்குரிய தண்டனையை 2015 டிசம்பரில் பட்டணம் அனுபவித்தது. டிசம்பர் முதல் தேதியன்று செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் அதிகபட்சமாக விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டதாக அரசாங்கத்தின் கணக்கு. அந்த வேகத்தில் ஒரு நாள் முழுவதும் ஓடினால் 2.5 டி.எம்.சி.; பட்டணத்தின் இரண்டரை மாதத் தாகத்துக்குப் போதும். அவ்வளவும் வீடுகளை முழுக்கிக் கடலுக்குப் போயிற்று. நான்கே வருஷத்தில், முன்னே சொன்ன ரயில் வந்தது. வெள்ளமும் வறட்சியும் எதிரெதிர் விபத்துகளென்று தோன்றினாலும், சேமிக்க இடமில்லாத ஊருக்கு இரண்டும் ஒரே நோயின் இரண்டு குறிகள்தாம்.

ஏரிகளில் தேக்குவதிலும் ஒரு குறை உண்டு. செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி, பூண்டியில் 35. இவ்வளவு ஆழமற்றுப் பரந்து கிடக்கும் நீரின் மேற்பரப்பிலிருந்து வருஷத்தில் ஏறக்குறைய ஓர் ஆளுயரத் தண்ணீரைச் சூரியன் உறிஞ்சிவிடுகிறான். வெயில் தொடாத களஞ்சியம் ஒன்றே ஒன்றுதான். அது நம் காலடியில் இருக்கிறது.

கடற்கரையோரப் பூமியில் இந்த நிலத்தடிக் களஞ்சியத்தின் இயல்பு விசித்திரமானது. மழையால் ஊறிய நன்னீர், கடலிலிருந்து மண்ணுக்குள் புகும் உப்புநீரின்மீது மிதந்து நிற்கிறது; உப்புநீரைவிட நன்னீரின் பாரம் சிறிதே குறைவாகையால், கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரம் நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடி ஆழம் வரையில் அது உப்பை அழுத்தி வைத்திருக்கும் என்பது ஜல சாஸ்திரிகளின் கணக்கு. இது நமக்குப் பெரிய அநுகூலம். ஆனால் அதே கணக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது. மேலே ஓர் அடியை உறிஞ்சினால் கீழே நாற்பது அடி உப்பு ஏறிவரும். மீஞ்சூர்ப் பிரதேசத்தில் பட்டணத்துக்காகவும் பயிருக்காகவும் அளவின்றி இறைத்ததன் பலனாகக் கடல் உள்நாட்டுக்குள் பல கிலோமீட்டர் புகுந்து, நல்ல கிணறுகளைக் கெடுத்துவிட்டது பிரத்தியட்சமான உதாரணம். அப்படிக் கெட்ட நிலத்தடி நீர் மறுபடியும் இனிப்பதற்குப் பல வருஷங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

ஆகவேதான் மழைநீர்ச் சேகரிப்பு என்பது வெறும் விளம்பர வாசகமல்ல. 2003-ஆம் வருஷத்து அவசரச் சட்டத்தால் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களும் மழைநீரைச் சேகரிக்க வேண்டுமென்று விதிக்கப்பட்டு, கெடுவும் வைக்கப்பட்டபோது முணுமுணுத்தவர் பலர். ஆயினும், 2005-இல் பெய்த பெருமழையும் கூடிக்கொள்ளவே, கைவிடப்பட்டிருந்த கிணறுகளில் நீர் ஏறியதைக் கண்டு வியந்தவர்களும் அவர்களே. பிறகு என்ன நேர்ந்தது? பல வீடுகளில் மொட்டைமாடிக் குழாய், குப்பையும் மண்ணும் அடைத்த ஒரு சிறு குழியில் முடிகிறது. சட்டத்துக்குக் காட்டுவதற்காகப் போட்ட குழாய் தண்ணீருக்குப் பயன்படாது.

மண்ணுக்குத் தக்கபடி முறையும் மாற வேண்டும் என்பதை ஜனங்களுக்கு எடுத்துச் சொல்வாரும் குறைவு. பெசன்ட் நகர், திருவான்மியூர் முதலிய கடற்கரை மணற்பகுதிகளில் ஆழமில்லாத கசிவுக் குழிகளே போதும்; மழை தானே இறங்கிவிடும். மேலே களிமண் படர்ந்த மேற்குப் பகுதிகளில், அந்தக் களிமண்ணைத் துளைத்துக் கீழுள்ள மணற்படுகையை எட்டும் உறைகிணறு இறக்கினாலன்றி நீர் உள்ளே போகாது. கிண்டி, வேளச்சேரி போன்ற பாறைப் பகுதிகளில் திறந்த கிணறுதான் நல்ல களஞ்சியம். எல்லா மண்ணிலும் எல்லாருக்கும் உகந்தது, பழைய வீட்டுக் கிணறு இன்னும் மூடப்படாமல் இருக்குமானால், மொட்டைமாடி நீரை வடிகட்டி அதிலேயே விடுவது. போர் போட்டுப் போட்டு ஆழத்திலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருந்துவிட்டு, மேலே இருந்த கிணற்றைக் கார் நிறுத்துவதற்காக மூடிவிட்டவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

செலவு

வரவும் இருப்பும் இவ்வாறிருக்கச் செலவின் கணக்கோ இன்னும் மோசம். நூறு வருஷத்தைத் தாண்டிய வார்ப்பிரும்புக் குழாய்கள் வடசென்னையின் தெருக்களுக்கடியில் இருந்துவருகின்றன. குழாயில் நாள் முழுவதும் அழுத்தம் இருந்தால், விரிசலிலிருந்து நல்ல நீர் வெளியே கசியும்; அது நஷ்டம். நாளில் சில மணி நேரம் மாத்திரம் தண்ணீர் விட்டு மற்ற நேரம் நிறுத்திவிட்டால், வெற்றுக் குழாய் அதே விரிசல் வழியாக அக்கம்பக்கத்துச் சாக்கடை நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், அது வியாதி. இதற்கிடையில், வீட்டுக்காரர் சிலர் மெயின் குழாயிலேயே மோட்டாரை இணைத்து உறிஞ்சுவதால், தெருக்கோடியில் அடி பம்பை அடித்து ஓய்ந்துபோகும் ஏழைக்குக் காற்றுதான் மிச்சம். நமது முறையில், தண்ணீர் தட்டுப்படும்போது முதலில் தாகம் எடுப்பவர் எப்போதும் சம்ப் கட்ட இடமில்லாதவர்தான்.

மேலும், பட்டணத்தில் பெரும்பாலான வீடுகளுக்குத் தண்ணீர் மீட்டர் கிடையாது. எவ்வளவு செலவழித்தாலும் ஒரே கட்டணம். மின்சாரத்தை யூனிட் கணக்கில் எண்ணிச் செலவழிக்கும் அதே குடும்பம், தண்ணீரை எண்ணாமல் கொட்டுவதற்குக் காரணம் இதுவே. கழிவுநீர் வசதியுள்ள நகரங்களில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் தேசத்தின் நிர்ணயம். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு வருஷத்தில் ஏறத்தாழ 2 லட்சத்து 46 ஆயிரம் லிட்டர் ஆகிறது. ஒரு கிரவுண்டு மனையின் மழையே இதைவிட அதிகம் என்பதை முன்னே பார்த்தோம். ஆனால் அதே கிரவுண்டில் இன்று எட்டுக் குடும்பங்கள் அடுக்குமாடியில் வசிக்கின்றன; அவர்களுக்கு அந்த மழை மட்டும் போதாது என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே சிக்கனமும் வேண்டும், பொது விநியோகமும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிவிடக் கூடாது. அவசியத்துக்கு வேண்டிய அளவை எல்லாருக்கும் சகாயமாகக் கொடுத்து, அதற்கு மேற்பட்டதற்கு ஏறுமுகமாக விலை வைப்பது நியாயமான மார்க்கம். அதற்கு மீட்டர் இன்றியமையாதது.

இந்த நியாயம் நமக்குப் புதிதன்று. காஞ்சிபுரத்துக்குத் தெற்கேயுள்ள உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் வருஷங்களில் பொறிக்கப்பட்ட சாசனங்களைக் குடவோலைத் தேர்தலுக்கு உதாரணமாகப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அந்தத் தேர்தலால் அமைந்த சபைகளில் ஒன்று ஏரி வாரியம்; அதற்கு ஆறு பேர். வாரியங்களில் ஒருமுறை இருந்து கணக்குக் காட்டாமல் விட்டவர் மறுபடி குடத்தில் ஓலையிடத் தகாதவர். அவர் மாத்திரமா, அவருடைய நெருங்கிய உறவினரும் தகாதவர் என்று அந்தச் சாசனம் விதிக்கிறது. வீரநாராயணன் என்ற விருதுப் பெயர் கொண்ட அதே பராந்தகன் காலத்தில் தோண்டப்பட்ட ஏரிதான், நாம் இன்று குழாய் போட்டு இறைத்துக் குடிக்கின்ற வீராணம். அக்காலத்தார் விட்டுச்சென்ற ஏரியை நாம் ஏற்றுக்கொண்டோம். அதைக் காத்த கணக்கு முறையை ஏற்றுக்கொள்ளவில்லை.

திரும்பி வரும் நீர்

வீட்டுக்குள் வரும் தண்ணீரில் ஏறக்குறைய எண்பது சதவீதம் கழிவாகத் திரும்பிச் செல்கிறது என்பது எஞ்சினீயர்களின் பொதுவான கணக்கு. மழை பொய்த்தாலும் பொய்க்காத நதி இது ஒன்றுதான். அதை நாம் கூவத்தில் விட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடக்கிறோம். மணலியிலுள்ள உரத் தொழிற்சாலையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமும், நல்ல தண்ணீர் கிடைக்காத நெருக்கடியினால், 1990-களிலேயே பட்டணத்துக் கழிவுநீரை வாங்கிச் சுத்தம் செய்து உபயோகிக்கத் தொடங்கின. 2019-இல் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா நாலரைக் கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் கட்டமாகச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் ஏற்பட்டன. இப்படித் தொழிற்சாலைக்குப் போகும் ஒவ்வொரு லிட்டரும், வீட்டுக்கு ஒரு லிட்டர் ஏரித் தண்ணீரை மிச்சப்படுத்துகிறது.

அருவருப்பைப் பற்றிப் பேசுவோர் உலகத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்காவில் நமீபியா தேசத்தின் தலைநகரான விண்ட்ஹுக், பாலைவன வறட்சிக்கு அஞ்சி, 1968 முதலாகக் கழிவுநீரைச் சுத்தி செய்து குடிநீரோடு கலந்து பருகி வருகிறது. தமிழர் பலர் குடியேறி வாழும் சிங்கப்பூரோ, அயல்தேசத்து ஜோகூரிலிருந்து நீர் பெறும் 1962-ஆம் வருஷத்து ஒப்பந்தம் 2061-இல் முடிவுறும் என்பதை என்றும் மனத்தில் வைத்து, தன் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை மழைநீர் பிடிக்கும் பிரதேசமாக்கி, 2003 முதல் கழிவுநீரை நியூவாட்டர் என்ற பெயரால் மீட்டு, கடல்நீரையும் காய்ச்சாமலே வடித்துக் குடித்து வருகிறது. அங்கே மழையும் மீட்ட நீரும் கடலும் அயல்தேசமும் ஒரே பேரேட்டில் நான்கு பத்திகள். ஒன்று குறைந்தால் மற்றொன்றில் ஈடுசெய்கிறார்கள்.

கடலும் அதன் விலையும்

சென்னையும் கடலிடம் போயிருக்கிறது. 2010-இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியிலும், 2013-இல் நெம்மேலியிலும் நாளொன்றுக்குத் தலா பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்தன. நெம்மேலியில் மேலும் பதினைந்து கோடி லிட்டருக்கான நிலையம் 2024-இல் திறக்கப்பட்டது. பேரூரில் நாற்பது கோடி லிட்டருக்கான பெரிய நிலையத்துக்கும் ஏற்பாடாகியிருக்கிறது. மழையை எதிர்பார்க்க வேண்டாத நீர் என்பது இதன் பெரிய சிறப்பு. பஞ்ச காலத்தில் இது இல்லாமல் பட்டணம் பிழைத்திராது என்றும் சொல்லலாம். ஆனால் ஆயிரம் லிட்டர் நன்னீருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது. ஒரு லிட்டர் எடுக்க இரண்டு லிட்டருக்கு மேல் கடல்நீரை இழுக்க வேண்டும். எஞ்சும் கடுமையான உப்புக் கரைசல் மீனவர் வலை வீசும் கரையோரக் கடலுக்கே திரும்பிப் போகிறது. ஆகவே இது ஆபத்துக் காலத்துக்கு எடுத்து வைத்த முதல். நித்திய செலவுக்கு முதலில் கை வைக்க வேண்டிய இடம் அல்ல. கசியும் குழாயில் கடல்நீரைக் காசு கொடுத்து இனிப்பாக்கி விடுவது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று வரி கொடுப்பவர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியவை

இனிச் செய்ய வேண்டியவற்றை முறைப்படுத்திக் கூறுவது கடினமன்று. அருகிலிருப்பதை முதலில் காத்தல். பிறகு கசிவை நிறுத்துதல். பிறகு கழிவை மீட்டல். இவை மூன்றுக்கும் பிறகும் குறைந்தால் தூரத்து நதியையும் கடலையும் நாடுதல். நாம் இதுகாறும் இந்த வரிசையைத் தலைகீழாக நடத்தி வந்திருக்கிறோம். தூரத்துத் திட்டத்துக்கு அடிக்கல்லும் திறப்பு விழாவும் உண்டு. ஏரியின் வரத்துக்காலைத் தூர்வாருவதற்கும் குழாய் விரிசலை அடைப்பதற்கும் விழா கிடையாது என்பதைத் தவிர, இதற்கு வேறு காரணம் காண்பது அரிது.

1978-இல் சட்டத்தால் ஏற்பட்ட சென்னைக் குடிநீர் வாரியம் நான்கு ஏரிகளின் நீர்மட்டத்தை நாள்தோறும் வெளியிட்டு வருவது பாராட்டத்தக்கது. அதைப் போலவே, ஒவ்வொரு வார்டுக்கும் விட்ட நீர் எவ்வளவு, வழியில் காணாமற் போனது எவ்வளவு, திரும்பி வந்த கழிவில் மீட்டது எவ்வளவு, அந்த வார்டின் கிணறுகளில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பதையும் வருஷத்துக்கு ஒருமுறையாவது தமிழில் அச்சிட்டு ஜனங்களின் முன்வைக்க வேண்டும். வார்டில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இந்தக் கணக்கைக் கேட்பது பிரஜைகளின் உரிமை. கேளாமலிருப்பது அவர்களுடைய குற்றம்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஆவணி, புரட்டாசியில், அடைமழை தொடங்குவதற்கு முன், மொட்டைமாடியைப் பெருக்கி, குழாயின் அடைப்பை நீக்கி, வடிகட்டும் மணலையும் ஜல்லியையும் கழுவிப் போட்டு, மூடிக்கிடக்கும் கிணற்றைத் திறந்து மாடி நீரை அதில் விடுங்கள். ஒரு நாள் வேலை. செலவு இரண்டொரு லாரித் தண்ணீரின் விலைக்கு மேல் ஆகாது. அதை இந்த வருஷமே செய்யுங்கள்.